மச்சாள் புறாவான கதை

மூன்றாம் நாளும் சிவப்புத்தான் வந்தது. மச்சாளின் சமையலறைத் தட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு சின்னக் காகிதப் பொட்டலங்கள் வைத்திருந்தோம். ஒன்றுக்குள் சிவப்பு ரோஜா இதழ்கள், மற்றதற்குள் வெள்ளைச் செவ்வந்தி. சிவப்பு வந்தால் ஓம், வெள்ளை வந்தால் இல்லை. பூக்கட்டிப் பார்ப்பது என்று நாங்கள் சொல்லுவோம். கலியாணம் பேசும்போதும் காணி வாங்கும்போதும் மனிதருக்குத் தீர்க்கத் தெரியாததைத் தெய்வத்தின் தலையில் கட்டிவிடும் வழி அது. கேட்கிறவரே எடுக்கக்கூடாது என்று மச்சாள் சொன்னதால் பொட்டலம் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல்நாள் நான் சிவப்பை எடுத்தபோது, பூ வாடியிருந்தது, அது செல்லாது என்றார். இரண்டாம் நாள், நீ தலை முழுகாமல் வந்துவிட்டாய் என்று என்மேல் பழியைப் போட்டார். மூன்றாம் நாள் நான் ஈரத் தலையோடு, கடையில் அப்போதுதான் வாங்கிய பூக்களோடு போனேன். அப்போதும் சிவப்பு. மச்சாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அம்மனுக்கு இந்தக் கிழமை மனம் சரியில்லைப் போல கிடக்கு" என்றார்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், பல வருடங்கள் அங்கே இருந்து, கணவரையும் அங்கேயே பறிகொடுத்து, ஒரே மகனின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றில் தையல் மெஷினோடு குடியிருந்தார். படிப்பு முடித்த மகன் வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனான், அங்கேயே கலியாணம் செய்தான், வீடும் வாங்கினான். இனி அம்மா தன்னோடுதான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, வீட்டின் கீழ்த்தளத்தில் அவருக்கென்று ஓர் அறை கட்டி, சுவருக்குப் பூசிய நிறத்தைக்கூடப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். டிக்கெட் போட்டாயிற்று. தானே வந்து சாமான் கட்டி அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஃபிளாட்டை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வைக்கவேண்டிய கடிதம் மட்டும் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்கு அடியில் கிடந்தது.

மச்சாளுக்குப் போக விருப்பமில்லை. அது எனக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும், படியில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் தெரிந்திருக்கும். மகனுக்கு மட்டும் தெரியாது. அவன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல இவர் "ஓம் தம்பி, ஓம் தம்பி" என்றுதான் சொல்லிவந்தார். ஏன் உண்மையைச் சொல்லக்கூடாது என்று நான் கேட்டால், "பிள்ளை ஆசையாக் கட்டின அறை. வேண்டாம் எண்டு என்னெண்டு சொல்லுறது?" என்பார். மச்சாளுக்கு முகத்துக்கு நேரே ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வராது. பிறவிக் குறை என்றுதான் சொல்லவேண்டும். நாளைக்குக் கலியாணம், இன்றைக்கு நான்கு பிளவுஸ் தைத்துத் தாருங்கள் என்று வருகிறவர்களுக்கும் ஓம். கீழ்வீட்டுக் குழந்தைகளைச் சனிக்கிழமை பின்னேரம் பார்த்துக்கொள்ளவும் ஓம். வாசலில் வந்து வேறு மதம் போதிக்கிறவர்களைக் கூட்டிவந்து தேத்தண்ணி கொடுத்து ஒரு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய ஆகக் கடுமையான மறுப்பு "பாப்பம்" என்பதுதான். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்வதால் எவரும் மறுப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

நாங்கள் இருவரும் கிரேக்கம் படிக்கப் போனதும் இந்தக் குறையால்தான். கவுன்சில் நூலகத்தில் கணினி வகுப்புக்குப் பெயர் கொடுக்கப் போன மச்சாளிடம், மேசையில் இருந்த இளம் பெண், கணினி வகுப்பு நிரம்பிவிட்டது, ஆனால் பண்டைக் கிரேக்கரின் சமயம், தத்துவம், கலை பற்றி ஒரு சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, இன்னும் இரண்டு பேர் சேராவிட்டால் அதை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். மச்சாள் அந்த இடத்திலேயே தன் பெயரையும் என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் கத்தினேன். பார்மசியில் ஐந்து நாள் நின்று வேலை செய்கிறவளுக்குச் சனிக்கிழமை காலைத் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னேன். "அந்தப் பெட்டையின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் கிடந்தது, பிள்ளை. அதுக்கு வேலை போனாலும் போயிடும்" என்றார். கிரேக்கம் எங்கே இருக்கிறது என்றுகூட அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

ஆனால் வகுப்புத் தொடங்கிய இரண்டாவது கிழமையே மச்சாள் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டார். ஆசிரியை ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பெண், நெடுநெடுவென்ற உயரம். மழையானாலும் சைக்கிளில் வருவார், பாதி வகுப்பு வரைக்கும் சைக்கிள் தொப்பியைக் கழற்ற மறந்துபோவார். கிரேக்கக் கடவுள்களை அவர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தபோது மற்றவர்கள் குறிப்பெடுக்கத் திணறினார்கள். மச்சாளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கடவுளுக்கு மனைவி உண்டு, மனைவிக்குப் பொறாமை உண்டு, பிள்ளைகளுக்குள் சண்டை உண்டு, ஊர்வலம் உண்டு, பலி கொடுத்தால் பங்கு பிரித்து ஊரோடு சாப்பிடுவது உண்டு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஏதெனா தேவியோடு ஆந்தையைப் பார்த்ததும் கை உயர்த்தி, இதுதான் அவவின் வாகனமா என்று கேட்டார். வாகனம் என்றால் என்ன என்பதை ஆசிரியைக்கு நான் பத்து நிமிடம் விளக்கவேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடவுளுக்கும் வாகனத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். இல்லாதவர்களுக்குத் தானே ஒன்று கொடுத்தார். கடலரசனுக்கு அவர் கொடுத்தது சுறா.

தத்துவம்தான் கொஞ்சம் இடறியது. ஏதென்ஸ் சந்தையில் நின்று வருவோர் போவோரையெல்லாம் கேள்வி கேட்டே தன்மேல் வழக்கைத் தேடிக்கொண்டு, கடைசியில் நஞ்சைக் குடித்து இறந்த அந்தக் கிழவரைப் பற்றி ஆசிரியை கண்கலங்கச் சொன்னார். உனக்குத் தெரியும் என்று நினைப்பது உண்மையிலேயே உனக்குத் தெரியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போவதுதான் அவருடைய வேலை என்றார். வகுப்பே அமைதியாகிவிட்டது. மச்சாள் என் காதுக்குள், "அந்தாளின்ர மனிசிதான் பாவம். காலமை வெளிக்கிட்டுச் சந்தையில நிண்டு ஊரைக் கேள்வி கேட்டா வீட்டுக்கு ஆர் மரக்கறி வாங்கிறது?" என்றார். ஆசிரியை என்ன பேச்சு என்று கேட்க, நான் பயந்து பயந்து மொழிபெயர்த்தேன். ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாயிரத்துச் சொச்ச வருடமாக அந்த மனைவியைத் திட்டி எழுதியவர்கள்தான் அதிகம், சந்தைப் பையை யாரிடம் கொடுத்தார் என்று கேட்ட முதல் ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். அன்றிலிருந்து ஆசிரியைக்கும் மச்சாளுக்கும் நல்ல பிடிப்பு.

ஒரு சனிக்கிழமை ஆசிரியை எல்லோரையும் நகரத்துப் பெரிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார். கையிழந்து தலையிழந்து நின்ற சலவைக்கல் பெண்களுக்கு முன்னால் மற்றவர்கள் அழகு அழகு என்று நிற்க, மச்சாள் ஒரு சிலையின் தோளுக்கு நேரே மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலர் இரண்டு தரம் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். வெளியே வந்து மச்சாள் அறிவித்தார்: அந்த உடுப்பில் ஒரு தையலும் கிடையாது, முழுத் துணியை மடித்துத் தோளில் ஊசி குத்தி நிறுத்தியிருக்கிறார்கள், கல்லில் செதுக்கியவன் அந்த ஊசி இழுக்கிற மடிப்பைக்கூட விடவில்லை. அப்படித்தான் என்றார் ஆசிரியை, மகிழ்ச்சியோடு. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் தோளளவு எடுத்த பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் மூக்கில்லாத முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு டொடோனா வந்தது. கிரேக்கத்தின் வடமேற்கு மலைகளுக்குள் இருந்த பழைய கோயில் அது. அங்கே வானத்துக் கடவுள் ஓக் என்கிற கருவாலி மரம் ஒன்றில் குடியிருந்தாராம். காற்றில் இலை சலசலப்பதுதான் அவர் பேச்சு. அதைக் கேட்டுச் சொல்ல வயதான பெண்கள் இருந்தார்கள், அவர்களைப் புறாக்கள் என்று அழைத்தார்கள். அரசர்களைவிடச் சாதாரண சனங்கள்தான் அங்கே அதிகம் போனார்கள். மெல்லிய ஈயத் தகட்டில் கேள்வியைக் கீறி, சுருட்டிக் கொடுப்பார்கள். இந்தப் பெண்ணைக் கட்டலாமா, ஆடு வளர்க்கலாமா, தொலைந்த போர்வையை எடுத்தது வீட்டாளா வெளியாளா, இருக்கிற ஊரிலேயே இருப்பது நல்லதா, வேறு ஊருக்குப் போவது நல்லதா. அந்தத் தகடுகள் குவியல் குவியலாக மண்ணுக்குள் கிடைத்திருக்கின்றன என்றும், கேள்விகள் கிடைத்த அளவுக்குப் பதில்கள் கிடைக்கவில்லை என்றும் ஆசிரியை சொன்னார். "பதிலை வீட்டை கொண்டு போயிருப்பினம்" என்றார் மச்சாள். பூக்கட்டிப் பார்த்துச் சிவப்பு வந்தது அதற்கு முந்திய கிழமையில்தான்.

வகுப்புத் தவணை முடிவில் எதையாவது செய்துகாட்டவேண்டும் என்றபோது எல்லோரும் டொடோனாவையே கேட்டோம். நூலகக் கூடத்தில் ஒரு மரம், சனங்கள் கேள்வி கேட்க வருவார்கள், புறா பதில் சொல்லும். தலைமைப் புறா யார் என்ற பேச்சு வந்ததும் ஆசிரியை மச்சாளைத்தான் பார்த்தார். எனக்குத் தெரிய மச்சாள் முதன்முதலாகப் பின்வாங்கியது அங்கேதான். தமிழில் என்னிடம், "புருஷன் இல்லாதவ நான். கோயில் காரியத்தில முன்னுக்கு நிக்கக்கூடாது" என்றார். விம்பிள்டன் கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிடுகிறவர் அவர். நான் ஆசிரியைக்குச் சொன்னேன். அங்கே கடவுளின் வாயாக இருத்தியதே வயதுபோன பெண்களைத்தான், கணவன் இருக்கிறானா என்று எந்தத் தகட்டிலும் கேட்டிருக்கவில்லை என்றார் அவர். மச்சாள், "முன்னுக்குக் கூப்பிட்டு இருத்தினவங்களோ?" என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப நல்ல சனங்கள்தான்" என்று சொல்லிச் சம்மதித்தார்.

ஆயத்தம் எல்லாம் மச்சாளின் சமையலறையில் நடந்தது. என் கணவரின் வேட்டிகள் இரண்டு புறா உடுப்பாக மாறின. ஒரு தையலும் போடாமல், தோளில் ஊசி குத்தி, அருங்காட்சியகச் சிலை மாதிரியே நிறுத்திக் காட்டினார். கோட் மாட்டும் தடியில் மண்ணிறத் துணி சுற்றி, காகித இலைகள் கட்டி, மேசை விசிறியைப் பின்னால் வைத்தோம். விசிறியைப் போட்டு நிறுத்தும் இரண்டாம் புறா நான். ஈயத்துக்குப் பதிலாகச் சமையல் ஃபாயில், கீறுவதற்கு மை தீர்ந்த பேனை. ஆமோ இல்லையோ என்று அறிய ஒரு பானைக்குள் கறுப்பும் வெள்ளையுமாக அவரைக் கொட்டை போடலாம் என்றார் ஆசிரியை. கறுப்பு ஆகாது, நான் சிவப்பும் வெள்ளையும் கொண்டுவருகிறேன் என்றார் மச்சாள். கேட்க வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதால் கொட்டைக்குப் பதில் உருண்டையான சீனி இனிப்புகள். தெய்வத்தின் பதிலும் ஆயிற்று, பிரசாதமும் ஆயிற்று.

மகன் கனடாவிலிருந்து வந்து இறங்கினான். அடுத்த வியாழக்கிழமை இருவருக்கும் விமானம். நல்ல பிள்ளை, அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வந்த அன்றே பெட்டிகள் வாங்கி, அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டு, தானே சட்டி பானைகளைப் பேப்பரில் சுற்ற ஆரம்பித்தான். தையல் மெஷினைக் கொண்டுபோகத் தேவையில்லை, அங்கே புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன் என்றான். மச்சாள் "ஓம் தம்பி" என்றார். கடிதத்தைத் தேடி எடுத்து, சனிக்கிழமை நாடகம் முடிந்து வந்து கையெழுத்து வைத்துவிடுங்கள் என்று பேனையையும் பக்கத்தில் வைத்தான். அதற்கும் ஓம். நான் அவனோடு தனியே கதைக்கட்டுமா என்று மச்சாளிடம் கேட்டேன். "வேண்டாம் பிள்ளை, அவன் மனம் நொந்துபோவான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவர் போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ஆசிரியைக்கு ஒரே ஆச்சரியம். காரணம் மச்சாள்தான். பிளவுஸ் தைக்க வருகிறவர்களையெல்லாம் அழைத்திருக்கிறார். கிரேக்கம், டொடோனா என்று விளக்க வராமல், "குறி கேக்கிற மாதிரி ஒண்டு, வாங்கோ" என்று சுருக்கிவிட்டார். சனம் உண்மைக் குறி என்று நினைத்து வந்து நின்றது. இரண்டு பெண்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்திருந்தார்கள். ஒருவர் தேங்காய் கொண்டுவந்து, எங்கே உடைப்பது என்று நூலகப் பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியை அந்தத் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, டொடோனாவுக்கும் காணிக்கையோடுதான் வந்தார்கள் என்று சொல்லி அதை மரத்தடியில் வைக்கச் சொன்னார்.

திரைக்குப் பின்னால் மச்சாளின் தோளில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது நான் பானைக்குள் பார்த்தேன். எல்லாம் சிவப்பு. அடிவரைக்கும் கையை விட்டுக் கிளறினேன்.

"மச்சாள், வெள்ளை எங்கை?"

"வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

"மறந்து போனியளோ?"

"மறக்கேல்லை. சனங்கள் நம்பி வருதுகள் பிள்ளை. இல்லை எண்டு சொல்லி அனுப்ப ஏலுமே?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் ஆசிரியை தொடங்குவதற்கு அடையாளமாக ஒரு தாம்பாளத்தை மணிபோலத் தட்டிவிட்டார். மச்சாள் போய் மரத்தடியில் அமர்ந்தார்.

அந்த ஒரு மணித்தியாலம் போல நான் சிரித்த நேரம் என் வாழ்க்கையில் குறைவு. முதலில் எங்களோடு படித்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வந்து, இன்னொரு பூனை வளர்க்கலாமா என்று கேட்டார். நான் விசிறியைப் போட்டேன், இலைகள் சலசலத்தன, மச்சாள் கண்ணை மூடிக் கேட்டார், பானைக்குள் கைவிட்டுச் சிவப்பை எடுத்து அவர் கையில் வைத்தார். கூடம் கைதட்டியது. மகளைச் சவுத்தாலில் குடிவைக்கலாமா என்று ஒரு தாய். சிவப்பு. "ஆன்ரி, மாத்ஸ் பாஸ் பண்ணுவனா?" என்று ஒரு பெண் பிள்ளை. சிவப்பு, "ஆனா படிச்சால்தான்" என்ற பின்னுரையோடு. தெய்வம் அறிவுரை சொல்லாது என்று ஆசிரியை முன்பே எச்சரித்திருந்தார், மச்சாள் காதில் வாங்கவில்லை. இரவு ஷிப்டை விட்டுவிடலாமா என்று கேட்டவரிடம், சிவப்பைக் கொடுத்துவிட்டு, முதலில் ஒழுங்காக நித்திரை கொள்ளுங்கோ தம்பி என்றார். வந்தவர் எல்லோரும் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, மலர்ந்த முகத்தோடு போனார்கள். இவ்வளவு நல்ல தெய்வத்தை நானும் கண்டதில்லை.

கடைசியாக மகன் எழுந்து வந்தான். கையில் சுருட்டிய ஃபாயில், மற்றக் கையில் படம் பிடிக்கும் போன். அம்மாவைச் சிரிக்கவைக்கத்தான் வந்தான், அது அவன் முகத்திலேயே தெரிந்தது. மச்சாள் சுருளைப் பிரித்தார். பக்கத்தில் நின்ற நானும் வாசித்தேன். முன்வரிசைக்காக அவனே உரக்கச் சொன்னான்: "அம்மா இஞ்ச இருக்கிறது நல்லதோ, என்னோட கனடா வாறது நல்லதோ? வாறதெண்டால் சிவப்பு."

சனம் சிரித்தது. பானைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். விசிறியைப் போட்டேன். மச்சாள் கண்ணை மூடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பானைக்குள் கையை விட்டார், விட்ட கையை எடுக்கவில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருந்தது, காகித இலை ஒன்று கழன்று பறந்துபோய் யாரோ மடியில் விழுந்தது. கடைசியில் கையை எடுத்தார். மூடிய கையை நேரே தன் வாய்க்குக் கொண்டுபோனார். இனிப்புக் கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"அம்மா! அது என்ன நிறம்?" என்றான் மகன், சிரிப்பு மாறாமல்.

"வெள்ளை" என்றார் மச்சாள்.

முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி கதிரையில் ஏறி நின்று கத்தினாள்: "இல்லை! ஆன்ரியின்ர நாக்கு ரெட்!" கூடம் அதிர்ந்தது. ஆசிரியைகூட வாயைப் பொத்திக்கொண்டார். மச்சாள் சிரிக்கவில்லை. வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஓம் தம்பி, மரம் சிவப்பெண்டுதான் சொன்னது" என்றார். "வெள்ளை எண்டு நான் சொல்லுறன். நான் வரேல்லை."

மகன் போனைக் கீழே இறக்கினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை, விசிறியை நிறுத்தக் குனிந்துகொண்டேன். தமிழ் தெரியாதவர்களும் ஏதோ நடந்துவிட்டதென்று அடங்கிப்போயிருந்தார்கள். மகன் மற்றவர்களைப் போலவே கையை நீட்டி, "எனக்கு இனிப்பு இல்லையோ?" என்று கேட்டான். மச்சாள் எடுத்துக் கொடுத்தார். சிவப்புத்தான், வேறு நிறம் இருந்தால்தானே. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டு போய் இருந்தான்.

அன்று பின்னேரம் அவன் பெட்டிகளைப் பிரித்து, பேப்பரில் சுற்றிய சட்டிகளைத் திரும்பவும் அலமாரித் தட்டுகளில் அடுக்கினான். வியாழக்கிழமை தனியே போனான். மச்சாள் இன்றைக்கும் அதே ஃபிளாட்டில்தான் இருக்கிறார். குளிர்காலத்தில் மூன்று கிழமை கனடாவுக்குப் போய், கீழ்த்தள அறையில் இருந்து, மருமகளுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுத்துவிட்டு வருகிறார். வெப்பம் போட்டாலும் கால் குளிர்கிறது என்று குறை சொல்லவும் பழகிவிட்டார். ஆசிரியை இப்போதும் எங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் வருவார். மரம் ஒன்று சொல்ல, தனக்கு வேறு தோன்றினால் டொடோனாக் கிழவிகள் என்ன செய்திருப்பார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அதுபற்றி எங்கும் குறிப்பில்லை, ஆனால் தனக்கு ஒரு சந்தேகம் உண்டு என்று சொல்லிச் சிரித்தார்.

இதையெல்லாம்விட, நாடகம் முடிந்து நானும் மச்சாளும் அவர் மகனும் பஸ்ஸின் மேல்தட்டில் வீட்டுக்கு வந்ததுதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நல்ல வெயில். மச்சாள் இன்னும் வேட்டியோடுதான் இருந்தார், மேலே ஒரு கோட் மட்டும். முன்சீட்டில் இருந்த மகன் திரும்பினான். கோபமில்லை, நொந்துபோயிருந்தான்.

"ஏன் அம்மா முதலே சொல்லேல்லை? அறை கட்டினனான். பெயின்ற் அடிச்சனான். கிழமைக்குக் கிழமை கதைச்சனான். ஒருநாளாவது விருப்பமில்லை எண்டு சொன்னனீங்களே?"

மச்சாள் கையை நீட்டி அவன் தலைமயிரை ஒதுக்கிவிட்டார்.

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே, தம்பி. நீ சொன்னனீ, நான் ஓம் எண்டனான். இண்டைக்குத்தான் கேட்டனீ."